இருபத்திரண்டாம் கேள்விக்கான இணைப்புத் தாள்

மதிப்பிற்குரிய விசா அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் படிவத்தின் இருபத்திரண்டாம் கேள்விக்கு மூன்று கோடுகள் மட்டுமே விடப்பட்டுள்ளன. 'இதற்கு முன் தங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா? ஆம் எனில் காரணத்தை விளக்குக' என்பது கேள்வி. என் கையெழுத்து சற்றுப் பெரியது. ஆகவே தனித்தாள் இணைத்துள்ளேன்.

விண்ணப்பதாரர் என் தங்கை. அவளுக்கு மூன்று முறை விசா மறுக்கப்பட்டது. அம்மூன்று விண்ணப்பங்களையும் நிரப்பியவன் நான். எனவே இதற்கு விளக்கம் எழுதும் தகுதி எனக்கே உண்டு.

நான் கடைசல் பட்டறையில் முப்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நாற்பத்து நான்கு வயது வரை எனக்கு எழுத்து தெரியாது. பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் என் தங்கைதான், 'இந்த வயசுல பேரைக்கூட எழுதத் தெரியலன்னா எப்படிண்ணே, உட்காரு' என்று சொல்லி என்னைச் சிலேட்டின் முன் அமர்த்தினாள். அன்று முதல் ஏழு ஆண்டுகளாக, நாள் தவறாமல், மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் சொல்வதெழுதுதல் நடைபெறுகிறது. அவள் ஒரு பத்தியைப் படிப்பாள், நான் எழுதுவேன், அவள் சிவப்புப் பேனாவால் திருத்திப் பத்துக்கு இத்தனை என்று போடுவாள். முதல் ஆண்டில் நான் பெற்றவை பெரும்பாலும் பூச்சியங்களே. இப்போது ஒன்பதுக்குக் கீழே இறங்குவதில்லை.

இதற்கிடையில் அவளுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், நல்லவர். திருமணமான மூன்றாம் மாதம் தங்கள் நாட்டில் வேலை கிடைத்துச் சென்றார். தங்கை பின்னாலேயே செல்வதாக ஏற்பாடு. அவர் விமானம் ஏறிய மறுநாளே அவள் தன் பெட்டியைக் கட்டி வாசற்கதவருகே வைத்துவிட்டாள். அது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு. அப்பெட்டி இன்றும் அங்கேயே உள்ளது. உயரம் பொருத்தமாக இருப்பதால், அதன்மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதுகிறேன்.

முதல் விண்ணப்பத்தின்போது அவள் படிவத்தையும் தங்கள் அலுவலகத்தின் வழிகாட்டி நூலையும் என்னிடம் கொடுத்து, 'இதுதாண்ணே உனக்கு முழுப் பரீட்சை. ஒரு கேள்விகூட நான் சொல்லித் தரமாட்டேன்' என்றாள். அறுபத்து நான்கு பக்க நூல். என் வாழ்நாளில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்து முடித்த முதல் நூல் அதுவே. மூன்று வாரங்களில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பு உட்பட. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

தங்கள் நாட்டிற்குள் நுழைய வழிகள் பல இருப்பினும், எங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று, பார்வையாளர் விசா. இதைக் கேட்பவர் தாம் திரும்பி வருவார் என மெய்ப்பிக்க வேண்டும். மற்றொன்று, குடும்பத்துடன் இணைவதற்கான விசா; இதைக் கேட்பவர் தாம் அங்கேயே வாழப்போவதாக மெய்ப்பிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நூலை நான் கண்டதில்லை.

முதல் முறை பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். அது விரைவில் கிடைக்கும் என்று தங்கையிடம் கூறினேன். நேர்காணலில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். 'மனசுல இருக்கிறத அப்படியே சொல்லும்மா. அதிகாரிங்ககிட்ட பொய் கூடாது' என்றேன். அவள் கண்ணாடித் தடுப்பின் முன் நின்று, 'என் வீட்டுக்காரரோட இருக்கப் போறேன் சார். இனிமே திரும்பி வரவே மாட்டேன்' என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். அவளது எண்ணை அழைத்து நான்கு நிமிடங்களில் அனைத்தும் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. இருந்தும் ஆறு மணிக்கு வந்து அமர்ந்தாள். கையில் வேறு புத்தகம் இல்லாததால் மறுப்புக் கடிதத்தையே படித்தாள். 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறோம் என்ற சொல்லை அவள் இரண்டாகப் பிரித்துப் படித்தாள். நான் சேர்த்தே எழுதினேன். பத்துக்குப் பத்து. அதுவே என் முதல் பத்து.

இரண்டாம் முறை குடும்ப விசா. திருமணப் படங்கள் பன்னிரண்டு கேட்டிருந்தீர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்தேன். மாப்பிள்ளை ஒன்றில் குனிந்திருந்தார், ஒன்றில் தூணுக்குப் பின்னால் இருந்தார், மற்றவற்றில் இல்லவே இல்லை. பன்னிரண்டிலும் அவளருகே நிற்பவன் நான். 'இவர்தான் மாப்பிள்ளையா?' என்று தங்கள் அதிகாரி கேட்டாராம். 'எவ்வளவு காலம் தங்குவீர்கள்?' என்றதற்கு, 'அண்ணன் மூணு மாசத்துல வந்துடச் சொல்லியிருக்கார் சார்' என்றாள். முன்னர் திரும்பி வரமாட்டேன் என்றதால்தான் மறுத்தார்கள், இம்முறை வருவேன் என்று சொல் என நான் விளக்கியிருந்தேன். திருமணத்தின் உண்மைத்தன்மையில் ஐயம் உள்ளது என்று எழுதி அனுப்பினீர்கள். தங்கள் நிலையில் நான் இருந்தாலும் அவ்வாறே ஐயுற்றிருப்பேன்.

படித்தவள் எப்படி இதைக் கவனிக்காமல் இருந்தாள் என்று தாங்கள் கேட்கலாம். கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு படிவத்தையும் சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடி வரி வரியாகப் பார்த்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. 'பாத்தியாண்ணே, நீ என் ஸ்டூடண்ட்' என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. மாணவன் எழுதியதில் வேறென்ன தவறு இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல ஆசிரியர்கள் இப்படித்தான்.

மூன்றாம் முறை மாப்பிள்ளை தொலைபேசியிலேயே ஒவ்வொன்றையும் சொல்லி எழுதவைத்தார். படங்களையும் அவரே அனுப்பினார். அதனால் எனக்கு மிஞ்சியது சிறிதளவே. கடவுச்சீட்டுப் படத்தின் அகலம் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பட்டறையில் வெர்னியரை வைத்து அளந்து, முப்பத்து மூன்றாக வெட்டினேன். வெட்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர்பு முகவரிக்குப் பட்டறை முகவரியைக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தங்கள் கடிதம் பட்டறைக்கு வந்தது. 'விண்ணப்பம் ஏற்கத்தக்கது. பதினைந்து நாள்களுக்குள் உரிய அளவில் புதிய படம் அனுப்பினால் விசா வழங்கப்படும்.' வேறு யாருடைய துணையும் இன்றி, நானே உறையைப் பிரித்து, நானே படித்துப் பொருள் உணர்ந்த முதல் கடிதம் அது. பதினொரு முறை படித்தேன். என் கண்கள் கலங்கிவிட்டன. பின்னர் அதை உளிகள் இருக்கும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பதினாறாம் நாள், விசா மறுக்கப்பட்டது என்று மட்டும் அவள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. தங்கை, 'எனக்கு மட்டும் ஏண்ணே இப்படி நடக்குது? அவர் அங்க தனியா கெடக்கார். எனக்கும் முப்பத்தி நாலு ஆயிடுச்சு' என்றாள். 'அதிகாரிங்க மனசு யாருக்கும்மா தெரியும்' என்றேன். அன்றும் ஆறு மணிக்கு வந்தாள். ஆயினும் ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்தாள். திருத்தும்போது ஒரு பிழையை விட்டுவிட்டாள். நான்தான் சுட்டிக்காட்டி என் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டேன். இதிலிருந்து என் நேர்மையைத் தாங்கள் அறியலாம்.

இந்த நான்காம் விண்ணப்பத்தை மாப்பிள்ளையே முழுவதும் நிரப்பிவிட்டார். சென்ற வாரம் என்னை அழைத்து, 'மச்சான், எல்லாம் முடிஞ்சுது. இருபத்திரண்டாவது கேள்வி மட்டும்தான் பாக்கி. பழைய பேப்பரெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, நீங்களே எழுதிடுங்க. உள்ளதை உள்ளபடி எழுதினா போதும்' என்றார். தங்கையும், 'நீ எழுதினா நான் பாக்க வேண்டியதே இல்லண்ணே. இனிமே உனக்குத் திருத்தமே தேவையில்ல' என்று வெற்றுத் தாளின் அடியில் கையொப்பமிட்டுத் தந்தாள். இப்போது தாங்கள் படிப்பது அத்தாள்தான்.

அவள் கூறிய கடைசி வாக்கியம்தான் என்னைச் சற்றே வருத்தியது. திருத்தமே தேவையில்லை என்றால் ஆறு மணிக்கு அவள் என்ன செய்வாள்?

எனினும் உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தேன். இனி அவள் வாழ்வில் நான் குறுக்கே நிற்கமாட்டேன். மூன்று மறுப்புகளுக்கும் நானே காரணம், தெரிந்தே செய்தேன், அவள் ஒரு பாவமும் அறியாள். இதை எழுதியதும் என் நெஞ்சு லேசாகிவிட்டது. அவளுக்காக நான் செய்த உதவிகளில் இதுவே பெரிது என்று கருதுகிறேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் முழுமைக்காக அதையும் தருகிறேன். 'முந்தைய விண்ணப்பம் எதிலேனும் தெரிந்தே தவறான விவரம் தரப்பட்டதாக ஒப்புதல் கிடைப்பின், அதைத் தந்தவர் எவராயினும், விண்ணப்பதாரர் பத்து ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது.' எவராயினும் என்ற சொல் எனக்குச் சற்றுக் கடுமையாகவே படுகிறது. ஆனால் விதியை வகுத்தவன் நானல்லன். நான் உள்ளதை உள்ளபடி எழுதியவன் மட்டுமே.

நேரம் ஐந்தே முக்கால். இந்த உறையை அஞ்சல் பெட்டியில் சேர்த்துவிட்டு உடனே வீடு திரும்ப வேண்டும். வாசற்கதவருகே இருக்கும் அவள் பெட்டியின் மேல் தூசு தட்டிப் புதிய நோட்டு வைத்திருக்கிறேன். நூற்றிருபது பக்க நோட்டு; பத்து ஆண்டுகளுக்கு எத்தனை வேண்டியிருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்தேன், வேறு காரணம் ஏதுமில்லை.