நீலப் பேசின்

— அஞ்சலா, உள்ள வேகுறது றமீலா வீட்டுக்குக் குடுக்குற கேக்தானே?

— ஆமா அம்மாயி. நீலப் பேசின்ல கலக்குனது. நம்ம வீட்டுது இன்னும் சட்டியிலயே இருக்கு, பாருங்க.

— அப்ப ஏன்டி அடுப்புக்குள்ள இருந்து பிராண்டி வாசம் வருது?

— நம்ம சட்டியில ஊத்துனதுதான் மணக்குது. வீடு பூரா அதே வாசம்தான்.

— என் மூக்குல ஒரு கோளாறும் இல்ல. அந்தப் போத்தல எடு. அடியே, பாதிக்கு மேல இருந்திச்சே! இப்ப அடியில கெடக்கு. றொட்னி! எங்க போயிட்டான் இவன்? வா இங்க.

— நான் ஒண்ணுமே செய்யல அம்மாயி.

— நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலயே சாமி.

— அக்காதான் ஃபோனத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருச்சு.

— என்னய ஏன் இழுக்கிற? ஊத்துனியா இல்லயா?

— கொஞ்சூண்டு.

— எதுல?

— ரெண்டுலயும்.

— ஏசுவே! ஏன்டா, ஏன் ஊத்துன?

— நம்ம கேக்க மட்டும் வாசமா செஞ்சிட்டு அவங்களுக்குச் சப்புன்னு குடுக்குறோம். அந்த வீட்டு ஸாகி என்னோட கூட்டாளி. அவனப் பாக்கவே எனக்கு வெக்கமா இருந்திச்சு. அதான், அதுவும் நல்லா வரட்டும்னு ஊத்துனேன்.

— அட என் புத்தி கெட்ட சாமி! அவங்களுக்குச் சாராயம் ஆகாதுடா. ஹராம். அதுக்குத்தானே தனிப் பேசின், தனிக் கரண்டி. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— தனியா வையின்னுதான் சொன்னீங்க. ஏன்னு யாரும் சொல்லலயே.

— சரி, சரி. அழாத. மூக்கத் தொடச்சுக்க. மாவுக் கையோட கண்ணத் தேய்க்காத.

— அம்மாயி, சூட்டுல பிராண்டி எல்லாம் ஆவியாப் போயிருமாம். எங்க சயன்ஸ் டீச்சர் சொன்னாங்க. ஆறுனா வாசமும் போயிரும்.

— உங்க டீச்சர் சொன்னாங்கன்னு போயி றமீலாகிட்டச் சொல்லவா?

— ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா குடுப்போம். யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியுமேடி. அவ என் மொகத்தப் பாத்து வாங்கிப் பிள்ளைங்க வாயில வைக்கிறவ. கலஹாவுல தேயிலைத் தோட்டத்த விட்டுட்டு, இந்த அலவத்துகொடையில ஒருத்தரையும் தெரியாம வந்து எறங்குனோம். மொத நாளு தண்ணி குடுத்தது அந்த வீடு. உங்க தாத்தா லோரன்ஸ் செத்தப்ப நம்ம வீட்டுக்குச் சோறு வந்தது அந்த வீட்டுல இருந்து. அந்த வீட்டு வாயில நான் ஹராத்த வைக்கவா?

— அப்ப வேற ஒண்ணு சுடுவோம்.

— எத வச்சுச் சுடுறது? கஜுப் பருப்பு முடிஞ்சிச்சு, முட்டை முடிஞ்சிச்சு. விடிஞ்சா நத்தார், ஏசு பொறந்த நாளு. உங்கம்மா கண்டியில கடைய மூடிட்டு குட்ஷெட் ஸ்டாண்டுல பஸ் ஏறிட்டாளாம். அவ வந்ததும் எல்லாரும் பூசைக்குக் கெளம்பணும்.

— இந்த வருசம் குடுக்காம விட்டா என்ன?

— கேக் அவங்க வீட்டுக்குப் போன பொறகுதானே நாம நம்ம கேக்ல கத்தியே வைக்கிறது? நான் போயிச் சொல்லிட்டு வந்துர்றேன். பிள்ளை தெரியாம ஊத்திட்டான், மன்னிச்சுக்க றமீலான்னு. அந்தச் சீலைய எடு.

— போகாதீங்க அம்மாயி.

— ஏன்?

— சும்மாதான். போகாதீங்க.

— வெக்கப்பட வேண்டியவ நான். உனக்கென்ன?

— நீங்க அவங்க வாசல்ல போயி நின்னு கெஞ்சுனா எனக்குத்தான் கேவலமா இருக்கும். அவங்க அதச் சாப்புடுறதே இல்ல.

— யாரு?

— றமீலா மாமி வீட்ல. யாருமே சாப்புடுறதில்ல.

— யாருடி சொன்னது?

— அவங்க மக இல்மாதான். ஸ்கூல் வேன்ல பேசிக்கிட்டு வரும்போது வாய் தவறிச் சொல்லிட்டா. அந்த வீட்டுப் பெரியவங்க, அவ வாப்பும்மா, விட மாட்டாங்களாம். வேதக்கார வீட்டுச் சட்டியில என்னென்ன வெந்திச்சோன்னு சொல்லுவாங்களாம். நீங்க குடுத்துட்டு இந்தப் பக்கம் வந்ததும், அவங்க கடையில வேல செய்ற சிங்கள ஆளுங்களுக்கு அப்பிடியே அனுப்பிருவாங்களாம்.

— ஒவ்வொரு வருசமுமா?

— ம்.

— றமீலா தட்டுல சீனி போட்டுத் திருப்பிக் குடுப்பாளே. "பியட்றிஸக்கா, ஒங்கட கை ருசி ஒருத்தருக்கும் வராது"ம்பாளே.

— அதான் போகாதீங்கன்னு சொன்னேன்.

— உனக்கு எப்பத் தெரியும்?

— ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி.

— இவ்வளவு நாளா தெரிஞ்சுக்கிட்டா இருந்த? காலையில நான் அந்தப் பேசினச் சுடுதண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுறேன், நீ பாத்துக்கிட்டே நிக்கிற?

— நான் என்ன செய்ய? நீங்க கழுவக் கழுவ எனக்கு அழுகையா வந்திச்சு. மாவு கலக்கும்போதும் நீங்க அந்தக் கரண்டியத் தொடச்சுத் தொடச்சுத் தந்தீங்க. நிக்க முடியல. அதான் ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டேன்.

— அப்பதான் நான் ஊத்துனேன்.

— நீ வாய மூடு றொட்னி.

— அவன ஏன் ஏசுற? அவனுக்காவது அந்த வீட்டு மேல ஒரு பாசம் இருந்திச்சு. அடுப்ப நிப்பாட்டு, வெந்திருச்சு. எறக்கு.

— எறக்கி?

— ஆற வையி. பொறகு அந்த ஆயில் பேப்பர்ல சுத்து. ரிப்பன் போட்டுக் கட்டு, எப்பவும் கட்டுற மாதிரி.

— எதுக்கு அம்மாயி?

— குடுக்கத்தான். கடை ஆளுங்க வாய்க்குத்தானே போகப் போகுது? அவங்களுக்குப் பிராண்டி ஆகாதா என்ன? நல்லாவே ஆகும்.

— இப்பதானே ஹராம்னு சொன்னீங்க!

— நான் சொன்னது சாப்புடுறவங்களுக்கு.

— அம்மாயி, ஸாகி எடுத்துச் சாப்புட்டுட்டா? நான் ஓடிப் போயி அவன்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துர்றேன்.

— போன, காலு முறிஞ்சிரும். அவங்கதான் தொட மாட்டாங்களே. நம்ம சட்டி அவங்களுக்கு அசிங்கம். உங்க தாத்தா ஒரு தடவ அந்தப் பேசின்ல மீன் கழுவிட்டாருன்னு அந்த மனுசனோட நான் பேசாம இருந்தேன் தெரியுமா? புதுப் பேசின் வாங்கிட்டு வந்த பொறகுதான் பேசுனேன். நல்ல மனுசன். வாயத் தொறக்காம போயி வாங்கிட்டு வந்தாரு. யாருக்காக? ஆறுனது போதும். சுத்து. இறுக்கிக் கட்டுடி.

— நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

— நீ சொன்னது நல்லதுதான். இத்தன வருசம் அந்தத் தெருவுல நான் தலைய நிமித்திக்கிட்டுத் தட்டத் தூக்கிக்கிட்டுப் போனேன் பாரு. எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.

— என்னால இதக் கொண்டு போக முடியாது அம்மாயி.

— உன்னய யாரு போகச் சொன்னது? நானே போறேன்.

— அம்மாயி, யாரோ கேட்டத் தட்டுறாங்க. இல்மாக்கா வருது!

— நீ உள்ள போயி மொகத்தக் கழுவு றொட்னி. ஒரு வார்த்த பேசக் கூடாது, சொல்லிட்டேன்.

— அம்மாயி ஈக்காங்களா? என்ன அஞ்சலா, ஒன்ட கண்ணு செவந்து ஈக்கி?

— வெங்காயம்.

— கேக்குக்கு வெங்காயமா?

— வா இல்மா. என்ன விசயம்?

— உம்மாதான் அனுப்பின, அம்மாயி. கேக் ரெடி எண்டா என்னையே தூக்கிட்டு வரட்டாம். ஒங்களுக்கு முழங்கால் நோவு, நடக்க வேணாமாம்.

— ரெடிதான். மேசையில இருக்கு, எடுத்துக்க. கடைக்குத்தானே அனுப்பப் போறீங்க?

— அஞ்சலா! நீ சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன்.

— அம்மாயி, எனக்கு ஒங்கட மொகத்தப் பாக்க வெக்கமா ஈக்கி. நாங்க செஞ்சது பெரிய பிழை. ஆனா அது போன வருசத்தோட முடிஞ்சி. இந்த வருசம் அப்பிடி இல்ல.

— இந்த வருசம் என்ன மாறிப் போச்சு?

— காலையில வாப்பும்மா குசினி ஜன்னலால பாத்துக்கிட்டு ஈந்தாங்க. நீங்க பைப்படியில அந்த நீலப் பேசினக் கழுவினீங்களே. கழுவி, கவுத்து வெச்சி, திரும்பவும் எடுத்துச் சுடுதண்ணி ஊத்தினீங்களே. ஏன் அத மட்டும் அப்பிடிக் கழுவுற எண்டு உம்மாக்கிட்ட கேட்டாங்க. உம்மா சொன்னாங்க, அது எங்கட பேசின் எண்டு. எங்களுக்கு மட்டும் வெச்சிருக்கிற எண்டு.

— அதுக்கு?

— வாப்பும்மா ஜன்னலடியிலேயே குந்திட்டாங்க. பொறகு அழுதாங்க. அந்த மனுஷிய நான் இவ்வளவு காலம் சந்தேகப்பட்டேனே எண்டு. இப்ப பொய்ப் பல்லுக்கட்ட மாட்டிக்கிட்டு மேசையடியில குந்திக்கிட்டு ஈக்காங்க. மொதத் துண்டு அவங்களுக்குத்தானாம். அவங்க சாப்பிட்ட பொறகுதான் நாங்களாம். தூக்கிட்டுப் போகட்டா?

— அம்மாயி...

— நீ பேசாத அஞ்சலா. அதக் கீழ வச்சிரு மகள். அதுல பிராண்டி இருக்கு.

— அல்லாஹ்! தெரியாம ஊத்திட்டீங்களா அம்மாயி?

— ஊத்துனது பிள்ளை, தெரியாம. கட்டுனது நான், தெரிஞ்சே.