புது நம்பரில் ஒரு புருஷன்

தயாபரன்: நிப்பாட்டுங்க ஷிபான் நானா, நிப்பாட்டுங்க! ரெண்டு கோடு சிக்னல் வருது!

ஷிபான்: இந்த வளைவுலயா தம்பி? பின்னால பஸ்காரன் வந்தான்னா ஓட்டோவோட சேத்து நம்மள நேரா கீழ பள்ளத்து ஹல்துமுல்லையில எறக்கி விட்டுருவான்.

தயாபரன்: ஓரமா ஒதுக்கினாப் போதும். பேங்க் ஹொட்லைன்... அடிக்குது, அடிக்குது. ஏய், ஒன் போன இங்க குடு.

யசோதினி: எதுக்கு? ஒங்க கையிலதான் ஒண்ணு இருக்கே.

தயாபரன்: ஒன் போன் என் கையில இருக்குற வரைக்கும்தான் குடும்பத்துக்கு நல்லது. குடு!

ஷிபான்: கொழும்பு பஸ்ல வந்து எறங்கினீங்க. மூஞ்சியக்கூட கழுவல. பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு அப்புத்தளைக்கு விடுங்கன்னீங்க. நான் ஆஸ்பத்திரிக்குன்னுல்ல நெனச்சேன்?

தயாபரன்: ஆஸ்பத்திரிக்கு நான்தான் போகணும். எவனோ ஒருத்தன் என் படத்தப் போட்டு, நான்தான் இவ புருஷன்னு சொல்லிக்கிட்டு வாட்ஸப்புல... ஹலோ! ஹலோ மிஸ்! தயாபரன் பேசுறேன். எக்கவுண்ட பூட்டிட்டோம்னு நேத்து மெசேஜ் வந்துச்சு... ஆமா மிஸ், ரெண்டு பேர் பேர்லயும் உள்ளதுதான். நானும் என் வைஃபும்.

ஷிபான்: காசு போயிருச்சா தங்கச்சி?

யசோதினி: தெரியல நானா. வீட்டுக்குக் கூரை போடச் சேத்த காசு. நானும் மலையில கொழுந்து எடுத்து, அவரும் கொழும்புல மூட்டை எறக்கி...

தயாபரன்: ஸ்ஸ்! என்ன மிஸ்? வைஃபோட பொறந்த திகதியா? அது வந்து... ஒரு நிமிஷம் மிஸ்... ஏய், ஒனக்குப் பொறந்த நாள் எப்ப?

யசோதினி: என்னையா கேக்குறீங்க?

தயாபரன்: பின்ன, இந்தப் பாறையையா கேக்குறேன்? சொல்லு, சிக்னல் போயிரும்!

யசோதினி: மார்ச் ஒன்பது.

தயாபரன்: மார்ச் ஒன்பது மிஸ்... வருஷமா? ஏய், வருஷம்?

யசோதினி: தொண்ணூத்திரெண்டு.

ஷிபான்: தம்பி, பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா, நான் எழுதித் தரவா?

தயாபரன்: சும்மா இருங்க நானா! ...சொல்லுங்க மிஸ்... ம்... ம்... என்னது? எடுக்கலையா? இன்னொரு தடவ சொல்லுங்க... எல்லாமே பிழையா? ...சரி மிஸ். ரெண்டு பேருமே வாறோம்... ஹலோ? ஹலோ! ...போச்சு, சிக்னல்.

ஷிபான்: என்னவாம்?

தயாபரன்: காசு அப்படியே இருக்காம். ஒரு சதம் போகல.

ஷிபான்: அல்ஹம்துலில்லாஹ்! இத மொதல்ல சொல்லக் கூடாதா? என் நெஞ்சுல கைய வச்சுப் பாருங்க.

தயாபரன்: நம்ம கணக்க அவன் போன்ல திறக்கப் பாத்திருக்கான் நானா. அப்படித் திறக்கணும்னா பேங்க் ஆறு இலக்கத்துல ஒரு நம்பர இவ போனுக்கு அனுப்பும். அத அவன் போன்ல அடிச்சாத்தான் கதவு திறக்கும். 'வந்த நம்பரச் சொல்லு'ன்னு இவகிட்ட கேட்டிருக்கான். இவளும் புருஷன்தானேன்னு சொல்லியிருக்கா. அடிச்சிருக்கான், பிழை. மறுபடி கேட்டிருக்கான், மறுபடி பிழை. இப்படியே போயி, கடைசில பேங்கே பயந்து பூட்டிருச்சு.

ஷிபான்: அதெப்படி எல்லாம் பிழையாகும்?

தயாபரன்: இவ அனுப்பின லட்சணம் அப்படி! பேங்க் அனுப்பினதும் இவ அனுப்பினதும் போன்லயே இருக்கு, ஆறு இலக்கத்தப் பாத்து அடிக்கத் தெரியல. ஒன்பதுக்கு ஆறு, ஏழுக்கு ஒண்ணு. கண்ணு தெரியாத புண்ணியத்துல கூரை மிஞ்சிச்சு.

யசோதினி: கிளம்புங்க நானா. பஸ் வருது.

ஷிபான்: காசு இருக்குன்னா இனி எதுக்கு அப்புத்தளைக்கு?

தயாபரன்: ரெண்டு பேரும் அடையாள அட்டையோட நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பூட்டத் திறப்பாங்களாம். அப்புறம் அந்த மிஸ் சொல்றாங்க, அந்த நம்பர ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம். பேங்குன்னு சொல்லி எடுத்தாலும் கூடாது, பொலிஸுன்னு சொன்னாலும் கூடாது, சொந்தப் புருஷன் கேட்டாலும் கூடாதாம். கேட்டியா?

யசோதினி: சொந்தப் புருஷன் எங்க எதையாவது கேட்டாரு?

ஷிபான்: ஆமா, ஒங்க படம் அவன் கைக்கு எப்படிப் போச்சு?

யசோதினி: ஃபேஸ்புக்ல இருந்து. மோட்டர்சைக்கிள விக்கப் போறேன்னு அதுமேல ஒக்காந்து படம் புடிச்சு, அவரு நம்பரையும், பொண்டாட்டின்னு என் பேரையும் நம்பரையும் கீழ எழுதி, ஊரு ஒலகத்துக்கே போட்டாரு.

ஷிபான்: கறுப்புக் கண்ணாடியோட ஒண்ணு, அதுவா? எனக்கும் வந்துச்சே! பைக்க வாங்க ஆள் இல்ல. ஆனா ஒங்கள ஒருத்தன் எடுத்துட்டான்.

தயாபரன்: சிரிங்க, சிரிங்க. இந்தா, இவ போன்லயே இருக்கு. கேளுங்க. 'போன் விழுந்து உடைஞ்சிருச்சு. இது என் புது நம்பர். பேசினா சத்தம் கேக்காது, எழுது.' இத நம்பியிருக்கா!

ஷிபான்: நம்மட ஊட்டுலயும் நம்பியிருப்பாங்க.

தயாபரன்: அடுத்தது கேளுங்க. 'சாப்பிட்டியா யசோம்மா?' ...யசோம்மா! நான் என்னைக்காவது ஒன்ன யசோம்மான்னு கூப்பிட்டிருக்கனா?

யசோதினி: இல்ல.

தயாபரன்: அப்பவே தெரிய வேணாமா, இது நான் இல்லன்னு?

யசோதினி: கொழும்புல யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்.

தயாபரன்: யாரு? யாரு எனக்குச் சொல்லிக் குடுக்கிறது?

யசோதினி: அத நீங்கதான் சொல்லணும்.

தயாபரன்: கதைய மாத்தாத. 'மழையா அங்க? தலையத் தொவட்டிட்டு ஒக்காரு.' பாத்தீங்களா நானா? எங்கயோ ஒக்காந்துக்கிட்டு என் பொண்டாட்டிக்குத் துண்டு நீட்டுறான்!

ஷிபான்: நான் ரோட்டப் பாக்குறேன் தம்பி. பெரகலை தாண்டினா பனி கண்ண மறைக்கும்.

யசோதினி: சத்தமா வாசிக்காதீங்க. மனசுக்குள்ள வாசிங்க.

தயாபரன்: ஏன், ரகசியமோ? இது இவ எழுதினது. பாருங்க, எவ்வளவு நீட்டு! தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. நான் ஒரு மெசேஜ் போட்டா 'ம்'னு ஒரு எழுத்து. இல்லன்னா ஒரு கட்டைவிரல். கள்ளனுக்கு மட்டும் கதை கதையா.

யசோதினி: நீங்க என்ன போடுவீங்க? 'காசு வந்துச்சா?' அதுக்கு 'ம்'முன்னு இல்லாம வேற என்ன எழுதுறது?

தயாபரன்: இரு, இரு... 'பல்லு புடுங்கியாச்சு. வாய் மரத்துப் போயிருக்கு. பாதி மொகம் என்னோடது இல்லாத மாதிரி இருக்கு.' ...எந்தப் பல்லு?

யசோதினி: கடவாப் பல்லு.

தயாபரன்: எப்ப புடுங்கின?

யசோதினி: போன மாசம்.

தயாபரன்: எனக்குச் சொல்லல?

யசோதினி: பல்லு வலின்னு ஆரம்பிச்சேன். 'பனடோல் போடு, லொறி வந்திருக்கு'ன்னு வச்சுட்டீங்க.

தயாபரன்: அதுக்கு அவன்... 'எந்தப் பக்கம் யசோம்மா? அந்தப் பக்கமாச் சரிஞ்சு படுக்காத. சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்புளி.'

ஷிபான்: நல்ல மனுஷன்.

தயாபரன்: நானா!

ஷிபான்: இல்ல, கள்ளன்தான். பச்சக் கள்ளன். நான் பல்லு விஷயத்த மட்டும்தான் சொன்னேன்.

தயாபரன்: உப்புத் தண்ணியாம். இவன் என்ன, டொக்டரா?

ஷிபான்: காசு போச்சுன்னு நெனச்சு ஏறினப்பக்கூட ஒங்களுக்கு இவ்வளவு கோவம் வரல தம்பி. காசு இருக்குன்னு தெரிஞ்ச பொறகுதான் காது செவக்குது.

தயாபரன்: ஒங்களுக்கு வந்திருந்தாத் தெரியும்.

ஷிபான்: சரி, இனி வராமப் பாத்துக்கங்க. நம்மட மச்சான் புவாத் இருக்கானே, கட்டார் நாட்டுல, அவன் பொண்டாட்டி ஒரு வேல பண்ணுவா. புது நம்பர்ல இருந்து 'நான்தான்'னு வந்தா, ஒரு கேள்வி கேப்பா. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும் பதில் தெரிஞ்ச கேள்வி. சொல்லலன்னா புருஷன் இல்ல. அவ்வளவுதான்.

தயாபரன்: நல்ல யோசனை. நாமளும் ஒண்ணு வச்சுக்குவோம். என்ன கேக்கலாம்... ஆ! நாம மொதமொதல்ல பாத்துக்கிட்ட எடம். தியத்தலாவை ஸ்டேஷன், ரயில் பிந்தி வந்த அன்னைக்கு.

யசோதினி: அது வேணாம்.

தயாபரன்: ஏன்?

யசோதினி: அது அவனுக்கும் தெரியும்.

தயாபரன்: எப்படித் தெரியும்?

யசோதினி: 'மறந்துட்டேன், ஒரு தடவ ஒன் வாயால சொல்லேன்'னு எழுதினான். சொன்னேன்.

தயாபரன்: சரி... நீ மலையில வழுக்கி விழுந்து கையில தழும்பு இருக்கே, அது எந்தக் கை?

யசோதினி: அதுவும் அவனுக்குத் தெரியும், தழும்பு எனக்கில்ல, எங்க அக்காவுக்குன்னு.

ஷிபான்: யா அல்லாஹ்.

தயாபரன்: நீங்க ரோட்டப் பாருங்க! ...ஏய், அவனுக்குத் தெரியாதது, எனக்கு மட்டும் தெரிஞ்சது, அப்படி எதையாவது சொல்லு.

யசோதினி: ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா...

தயாபரன்: ஆமா.

யசோதினி: இருங்க, யோசிக்கிறேன்.

தயாபரன்: இவ்வளவு நேரமா?

யசோதினி: இன்னும் யோசிக்கிறேங்க.

ஷிபான்: நல்ல வேளை, அப்புத்தளை வந்திருச்சு. பேங்க் இன்னும் திறக்கல போல. வெளிய குளிரு, நீங்க உள்ளயே இருந்து... பேசிக்கங்க. நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் கொண்டு வரவா?

தயாபரன்: எனக்கு வேணாம்.

ஷிபான்: ஒங்களுக்கு வேணாம்னு தெரியும். தங்கச்சிக்கு?

யசோதினி: சீனி கொறச்சு, நானா.

தயாபரன்: ...சீனி கொறச்சா குடிக்கிற நீ?

யசோதினி: ரொம்ப நாளா.

தயாபரன்: இதுவும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

யசோதினி: அவனுக்கு ஒரு கண்ணு கூரைக் காசு மேலங்க. கள்ளனோட போயி ஒங்கள தராசுல நிறுத்துப் பாக்குறீங்களே.

தயாபரன்: நான் நிறுத்துப் பாக்குறேனா, நீ பாக்குறியா? ...பொறு. மெசேஜ் வருது. அவன்தான்! ஒன்லைன்ல இருக்கான்!

யசோதினி: திறக்காதீங்க. ப்ளொக் பண்ணுங்க.

தயாபரன்: 'யசோம்மா, நேத்து முழுக்க சத்தமே இல்ல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?' ...பாத்தியா? நம்பர் கேக்கல. காசப் பத்திப் பேச்சே இல்ல. ஒன்னத்தான் தேடுறான்!

யசோதினி: கேப்பான். இதுக்கு அடுத்ததுல கேப்பான்.

தயாபரன்: அவ்வளவு பழக்கமா? எதுக்கு அடுத்தது எது வரும்னு தெரியுற அளவுக்கு? ...நான் இவனுக்கு ஒண்ணு எழுதப் போறேன். 'டேய், நான்தான்டா நெசமான தயாபரன்.'

யசோதினி: எழுதி?

தயாபரன்: அவன் பயப்பட வேணாமா?

யசோதினி: பயப்பட மாட்டான். வேற வீட்டுக்குப் போவான், வேற ஒருத்தி புருஷன் படத்தப் போட்டுக்கிட்டு. ப்ளொக் பண்ணி, இந்த நம்பர பொலிஸுக்குக் குடுப்போம். போன என்கிட்ட தாங்க.

தயாபரன்: தர மாட்டேன். மொதல்ல சொல்லு. நான் இன்னைக்கு வரலன்னு வச்சுக்க. இந்த மெசேஜுக்கு நீ என்ன எழுதியிருப்ப?

யசோதினி: மொதல்ல போன தாங்க.

தயாபரன்: சொல்லு.

யசோதினி: தலைவலின்னு எழுதியிருப்பேன்.

தயாபரன்: தலைவலியா ஒனக்கு?

யசோதினி: நேத்துல இருந்து.

தயாபரன்: ...இத்தனைக்கும் ஒரு போன் கோல் போதும் யசோதினி. ஒரே ஒரு கோல். என் பழைய நம்பருக்கு எடுத்து, 'இது நீங்கதானா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மொத நாளே முடிஞ்சிருக்கும்.

யசோதினி: எடுத்தேன்.

தயாபரன்: என்னது?

யசோதினி: மொத நாளே எடுத்தேன். அவன் மெசேஜ் வந்த கையோட. 'என்ன, சொல்லு'ன்னீங்க. ஒண்ணுமில்ல, சும்மா எடுத்தேன்னேன். 'சும்மா எடுக்காத, முதலாளி பாக்குறாரு'ன்னு வச்சுட்டீங்க.

தயாபரன்: பழைய போன்லயா பேசினேன்?

யசோதினி: பழைய போன்லதான்.

தயாபரன்: உடைஞ்சிருச்சுன்னு அவன் சொன்ன போன்ல...

யசோதினி: ம்.

தயாபரன்: அப்ப... ஒனக்குத் தெரியும். அது நான் இல்லன்னு மொத நாளே தெரியும்.

யசோதினி: ம்.

தயாபரன்: தெரிஞ்சா? கள்ளன்னு தெரிஞ்சுக்கிட்டா நம்பர அனுப்பின? கூரைக் காசடி அது! நீ மட்டும் ஒரு தடவ சரியாப் பாத்து அடிச்சிருந்தா...

யசோதினி: எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியுங்க.

தயாபரன்: என்ன சொல்ற?

யசோதினி: ஆறு இலக்கமும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ண மாத்தித்தான் அனுப்பினேன்.

தயாபரன்: வேணும்னேவா? ...அட, அப்ப காசக் காப்பாத்தினதே நீதானா? இதச் சொல்லாம இவ்வளவு தூரம் என்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு வந்தியா? நானாவுக்கு முன்னால வேற... சரி, சரி. கெட்டிக்காரிதான். ஆனா... எனக்கு ஒண்ணு வெளங்கல. கள்ளன்னு தெரிஞ்ச ஒடனே ப்ளொக் பண்ணியிருந்தாலும் காசு தப்பியிருக்குமே. ஒக்காந்து பிழை பிழையா நம்பர் அனுப்பினது எதுக்கு?

யசோதினி: ஒண்ணுமே அனுப்பாம இருந்தா, ரெண்டு நாள் பாத்துட்டு விட்டுட்டுப் போயிருப்பான். சரியா அனுப்பியிருந்தா அன்னைக்கே போயிருப்பான். பிழையா அனுப்பினாத்தாங்க... மறுநாளும் வருவான்.