என் மகளைக் குறை சொன்னேன்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் கனடா எட்மன்டன் கொரிய மக்கள் சங்கத் தலைவர் பெரியவர் பாங் அவர்களே! உறைபனியில் வழுக்காமல் வந்து சேர்ந்த பெரியோர்களே! கிம்ச்சி ஊறுகாய் ஜாடியை மூடியும் மூடாமலும் ஓடிவந்த தாய்மார்களே! இந்த மிரானின் பணிவான வணக்கம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே மேடையேறினேன். என் மகள் நாரேவுக்குப் பதினாறு வயது. பள்ளி விவாத அணித் தலைமைக்கு அவள் பெயர் அடிபட்டது. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை ஹால்வர்சன் அம்மையார், "உங்க பொண்ணு பிரமாதமாப் பேசுறா" என்றார். என் அரைகுறை ஆங்கிலத்தில் நான் என்ன சொன்னேன்? "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குறையுள்ள பிள்ளை. சோம்பேறி. நல்லாத் திட்டுங்க."

சிரிக்கிறீர்கள்! இதைச் சொல்லாத தாய் கை தூக்கட்டும் பார்ப்போம். ஒரு கைகூட இல்லையே!

பெற்ற பிள்ளையைப் பிறர் முன் புகழ்வோமா நாம்? புகழமாட்டோம். அம்மையாரோ அப்படியே நம்பிவிட்டார். கிழக்கத்தியத் தாய் என்றால் கையில் பிரம்பும் கண்ணில் கனலுமாக நிற்பவள் என்று எங்கோ படித்திருக்கிறார். வீட்டில் இவ்வளவு அழுத்தமா, இந்தப் பிள்ளைக்குத் தலைமைச் சுமை வேண்டாம் என்று பெயரை நிறுத்திவைத்தார்.

அன்று மாலை நாரே பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, நான் சோம்பேறியா?"

"அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுடி!"

"யாருக்கு மரியாதை? பதினாறு வருஷத்துல ஒரு தடவையாவது என்னை நல்லவிதமாச் சொல்லியிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை.

மறுநாள் இருவரும் பள்ளிக்குப் போனோம். அம்மையார் நாரேயிடம் கனிவோடு, "பயப்படாதம்மா, உங்க ஊர் அம்மாக்கள் எவ்வளவு கடுமைன்னு எனக்குத் தெரியும்" என்றார். வந்ததே கோபம் என் மகளுக்கு!

"எங்கம்மாவ நான் திட்டலாம் மிஸ், நீங்க திட்டக்கூடாது. நீங்க படிச்ச அம்மா யாரோ! எங்கம்மா என் ஒவ்வொரு விவாதத்துக்கும் வந்து, பாதி புரியாத இங்கிலீஷை முழுசா உக்காந்து கேட்டவங்க."

அம்மையார் திகைத்து என்னைப் பார்த்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணு எப்படி?"

ஒரே கேள்வி! பழைய பழக்கம் விடவில்லையே, தாய்மார்களே! "பரவாயில்ல" என்றேன். என் பிள்ளையின் முகம் வாடிப்போனது.

அவர்கள் நம்மைப் புத்தகத்தில் பார்த்தார்கள், தவறு! நாம் நம் பிள்ளைகளைப் பழக்கத்தின் வழியே பார்த்தோம், அது தவறில்லையா? அவர்களை மட்டும் கேட்டால் ஆயிற்றா? நம்மை யார் கேட்பது?

திங்களன்று தலைமையை முடிவு செய்கிறார்கள். அம்மையாரை நானே அழைத்தேன். அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். என் பேச்சை அவர் காதில் மொழிபெயர்ப்பவள் நாரே.

நாரே, இதையும் சொல். என் மகள் கெட்டிக்காரி. உழைப்பாளி. அணித் தலைமைக்கு அவளைவிடத் தகுதியானவர் இல்லை. அவளைப் பெற்றதில் எனக்குக் கர்வம்.

ஏன் நிறுத்திவிட்டாய்? கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லம்மா, அவர் காத்திருக்கிறார். ஒரு சொல்லும் விடாமல் சொல்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. இப்போது சொன்னதைப் பணிவுக்காக மறுத்துப் பேச நான் மறுபடி மேடையேற மாட்டேன். வணக்கம்.