என் அன்பு படுக்கவைத்த கால்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் நுரையீரல் மருத்துவர் ஐயா அவர்களே! கடிகாரமும் கையுமாக நின்று எங்கள் வீட்டாரை நடக்கவைக்கும் பயிற்சியாளர் அம்மையாரே! மருந்துச் சீட்டை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! இருமலை அடக்கிக்கொண்டு கேட்கும் சகோதர சகோதரிகளே! அடக்காதீர்கள், இருமுங்கள், அதுவரை நான் நிறுத்திக்கொள்கிறேன். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரும்புக் கயிற்றை இழுத்துப் பழகிய கை இன்று ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறது. என் பயம் இந்த மேடையைப் பார்த்து அல்ல, நாளைய காலையை நினைத்து.

என் மனைவிக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள். அறுவைக்கு நாளும் குறித்தார்கள். நான் என்ன செய்தேன்? அன்பு செய்தேன்! அண்டா அண்டாவாக அன்பு செய்தேன்! கட்டிலைக் குளியலறை வாசலுக்கே நகர்த்தினேன். எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் மடக்கு நாற்காலி போட்டேன். அதன் கதவு இருபது நொடி திறந்தே நிற்கும்படி மாற்றி வைத்தேன். எதற்காக? என்னவள் ஓரடிகூட எட்டி வைத்துவிடக் கூடாது என்பதற்காக!

அவளே கேட்டாள்: "என்னங்க, நான் என்ன மூட்டையா? ஏத்தி ஏத்தி இறக்குறீங்க?"

"நீ சும்மா படுத்துக்கோ, உடம்பு தேறட்டும்" என்றேன்.

பின்வரிசையில் யார் ஐயா சிரிப்பது? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கட்டில் எங்கே கிடக்கிறது என்று நான் கேட்கவில்லையே!

வந்தது சோதனை நாள். அறுவைக்கு முன் ஆறு நிமிடம் நடந்து காட்ட வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்தாள். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டாள். தலைவரான மருத்துவர் ஐயா மென்மையாகத்தான் சொன்னார்: "இந்த மூச்சை வெச்சுக்கிட்டு ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வரலை. மூணு வாரம் நடக்க வைங்க, அப்புறம் பாப்போம்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தது யார்? நோயா? இல்லை. நான்!

மூன்று வாரம்! அதற்குள் கட்டி வளர்ந்துவிட்டால்? பரவிவிட்டால்? யார் பதில் சொல்வது? என் அன்பா வந்து பதில் சொல்லும்?

முதல் நாள் நான்கு படி. மறுநாளும் நான்கே. பயிற்சியாளர் அம்மையார் சொன்ன அளவு, சொன்ன ஓய்வு. அதற்குமேல் ஒரு படி இல்லை. அவள் முன்னால், நான் பின்னால். அவள் நின்றால் என் நெஞ்சும் நின்றுவிடும். ஒருநாள் திரும்பிப் பார்த்தாள். "மூச்சு வாங்குறது நானா, நீங்களா?" என்றாள். ஊரையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டவனுக்கு ஒரு மாடி ஏறத் தெம்பில்லை! நேற்று இரண்டு மாடி ஏறினாள். இடையில் மூன்று முறை நின்றாள். ஆனாலும் ஏறினாள்.

நாளை மீண்டும் அதே ஆறு நிமிடம். அவள் தனியாகத்தான் நடக்க வேண்டும், நான் கைகொடுக்கக் கூடாது. தேறுவாளா? தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமும் இல்லை.

ஆகவே அன்பர்களே, எனக்காகக் கைதட்ட வேண்டாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அந்தக் கையை உங்கள் வீட்டில் படுத்திருப்பவரிடம் நீட்டுங்கள். "எழுந்திரு, நாலடி போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். "இன்னைக்கு வேணாமே" என்பார். அப்போது, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், "சரி, படுத்துக்கோ" என்று நான் சொன்னதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.