கர்ட் லிண்ட்வாலின் இடது கை குறித்து வெர்லின் க்ரோப் சொன்னது

பெயர் வெர்லின் க்ரோப். வயது 61. தகப்பனார் எல்ராய் க்ரோப், காலமாகிவிட்டார். தொழில் மக்காச்சோளமும் மாடும். இருப்பிடம் சவுத் டகோட்டா, ஸ்பிங்க் கவுண்டியில் என் சொந்தப் பண்ணை. 2019 நவம்பர் 18 அன்று துணை ஷெரிஃப் ராய்ஸ் பெக்லர் கேட்க நான் சொன்னது. வக்கீல் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

காயம்பட்ட கர்ட் லிண்ட்வால் என் மனைவி டார்லாவின் தம்பி. மினியாபொலிஸில் பல் டாக்டர். நான் வேண்டுமென்றே அவன் கையைச் சிதைத்தேன் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறான். இரண்டு நாளாக டார்லா என்னோடு பேசவில்லை. அவனை எனக்குப் பிடிக்காது என்பதை நான் மறைக்கவில்லை, இந்த மாவட்டத்துக்கே தெரியும்.

நவம்பர் 16 சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேட்டை நேரம் தொடங்கியதும் ஆறு பேர் சோளத்தட்டைக்குள் வரிசையாக நடந்தோம், இரண்டு பேர் மறுகோடியில் ஃபெசன்ட் பறவைகளை மறித்து நின்றார்கள். கர்ட் கொண்டுவந்திருந்தது இருபத்தெட்டு கேஜ் துப்பாக்கி. கேஜ் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், ரவையும் குறையும். இது உங்களுக்குத் தெரியும், படிக்கப்போகிற வக்கீலுக்குத் தெரியாது. கூண்டில் வளர்த்து விட்ட ஃபெசன்ட் காலடியில் எழும்பும். என் நிலத்துக் காட்டு ஃபெசன்ட் சேவல் நவம்பரில் நாற்பது கெஜத்துக்கு அப்பால்தான் எழும்பும். அதற்குப் பன்னிரண்டு கேஜ் வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லி வருகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதன் பிறகு கர்ட் நான்கு சேவல்களைச் சுட்டான். இரண்டு விழுந்தன. இரண்டு கால் தொங்கியபடி பறந்து கோரைக்குள் போய் இறங்கின. என் நாய் ஜிப் முக்கால் மணி நேரம் தேடி ஒன்றை உயிரோடு கொண்டுவந்தது. அதன் கழுத்தை நான் முறித்து அவன் காலடியில் போட்டேன்.

"மாப்ளே, இதுக்குப் பேரு வேட்டையா? வயித்துல நாலு ரவைய ஏத்தி, மூணு நாள் கெடந்து சாகட்டும்னு விட்டுட்டியே."

"சின்னத் துப்பாக்கின்னா கிட்ட வந்தாத்தான் சுடுவோம் அத்தான். பீரங்கி வெச்சிருக்கிறவன்தான் அறுபது கெஜத்துல தூக்கிச் சுடறான். உங்க பாவத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்க."

"கிட்ட வந்தா சுட்டே? ஜிப்புகிட்ட கேளு, சொல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, அப்போது அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அதன் பிறகு மதியம் வண்டிப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் நான் விடவில்லை. பல் பிடுங்குகிற கருவியைத் தவறி எடுத்து வந்துவிட்டான் என்றேன். அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "குடுங்கய்யா உங்க பீரங்கிய" என்றான்.

அதன் பிறகு என் அப்பாவின் இரட்டைக்குழல் பன்னிரண்டையும், தோட்டா போட்டிருந்த என் வேட்டை மேற்சட்டையையும் எடுத்தேன். அந்தச் சட்டையை முந்தின ஞாயிறு டார்லா போட்டிருந்தாள். அவள் சுடுவது இருபது கேஜ். அதன் தோட்டா மஞ்சள் நிறம், யாரும் மாற்றிப் போடக்கூடாது என்பதற்காகவே மஞ்சள். பன்னிரண்டு கேஜ் குழலில் அது வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், திறந்து பார்த்தால் காலியாகத் தெரியும். அதன் மேல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். எங்கள் ஊரில் துப்பாக்கியைத் தொடவிடும் முன்பே இதைச் சொல்லிக்கொடுப்போம். சட்டைப் பையில் மஞ்சள் தோட்டா கிடப்பது எனக்குத் தெரியும். அதை அப்புறப்படுத்தத்தான் கையை விட்டேன். அப்போது கர்ட், "உங்களக் கட்டிக்கிட்டு எங்கக்கா முப்பத்தஞ்சு வருஷம் வீணாப் போனா" என்றான். நான் கையை வெளியே எடுத்துச் சட்டையை அவன் முகத்தில் எறிந்தேன். ஒரு தோட்டாவையும் எடுக்கவில்லை. எனக்கு வந்தது கோபம், கொலைவெறி அல்ல. மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள், மூன்றாவது முறையும் இதுதான் பதில்.

அதன் பிறகு மூன்றேகால் மணிக்கு இரண்டாவது வயலில் நடந்தோம். கர்ட் எனக்கு இடது பக்கம் பத்தடியில். வெயில் முகத்தில் அடித்தது, அவன் தடித்த கையுறை போட்டிருந்தான், எடுத்த தோட்டாவின் நிறமோ பருமனோ அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒரு சேவல் எழும்பியது. விசையை இழுத்தபோது டிக் என்று மட்டும் சத்தம் வந்ததாக அவன் சொல்கிறான், எனக்கு அது கேட்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து, காலியாக இருக்கக் கண்டு, வேறு தோட்டா போட்டிருக்கிறான். அதன் பிறகு அடுத்த சேவலைச் சுட்டதும் குழல் பிளந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றாமல் என் இடுப்பு வாரால் இறுக்கிக் கட்டி வண்டியில் ஏற்றினேன்.

வழியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அத்தான், கட்டைவிரல் இருக்கா பாருங்க." இருக்கிறது என்றேன். இல்லை.

மேற்கண்டதைத் துணை ஷெரிஃப் பெக்லர் எனக்குப் படித்துக்காட்டினார். ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னேன். டிக் சத்தம் கேட்கவில்லை என்றிருப்பதை அடிக்க வேண்டும். கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் வரிசை முழுக்க நிற்க வேண்டும், குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிலத்துச் சட்டம், போட்டவன் நான். நான் நிறுத்தவில்லை. "தோட்டா போட மறந்துட்டியா டாக்டரே?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்திச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவன் அவசர அவசரமாக இன்னொன்றைப் போட்டான்.

திருத்தத்தோடு சேர்த்து இதிலுள்ளது அனைத்தும் உண்மை. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. இதன் நகல் ஒன்றை என் மனைவிக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) வெர்லின் க்ரோப்