வரவு ரெண்டு பத்து, புறப்பாடு மூணு அஞ்சு

– இன்னும் எத்தன தடவதான்டி அந்த ரயில மல மேல ஏத்துவ? காலைலேர்ந்து பாக்கறேன். பாதி தூரம் போகுது, மூச்சு வாங்குது, வந்த வழியே உருண்டு வருது. பாக்கற எனக்கே நெஞ்ச அடைக்குது.

– நீ பெட்டி கட்டி முடிச்சிட்டியாம்மா?

– எப்பவோ முடிச்சாச்சு. நாலு மணிக்கு உங்கண்ணன் கார் அனுப்பறான். பெத்தவ வீட்ட விட்டே கிளம்பறா, பொண்ணு கம்ப்யூட்டர்ல ரயில் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. ரொம்ப நல்லா இருக்கு.

– எழுபத்திரெண்டு வயசுல புருஷன் வேண்டாம்னு கிளம்பறவகிட்ட நான் என்ன பேசறது? ஒரு மாசமா பேசிப் பாத்துட்டேன். கை சும்மா இருந்தா அழுதுடுவேன். அதான் ரயில் விடறேன்.

– அழற அளவுக்கு என்ன ஆச்சு? பெரியவன் வீட்டுக்குத்தான போறேன். உங்கப்பாவுக்கு மூணு வேளையும் நீ சோறு போட்டுடுவ. எனக்கென்ன போச்சு?

– உங்கப்பா, உங்கப்பா! எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து நீ அவர்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கப்பாகிட்ட குடை இருக்கான்னு கேளு." அவர் ரெண்டடி தள்ளி நிப்பாரு. நடுவுல நான் என்ன தந்தி ஆபீசா?

– நேரா பேசாததாலதான் முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் ஓடிச்சு. பேசியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும், கேட்டுக்கோ.

– சுவத்துல தாத்தா போட்டோவையும் காணோமே.

– அவரு எங்கப்பா. என்கூடத்தான் வருவாரு. அந்த மல ரயில் லைன்ல அவர மாதிரி ஒரு டிரைவர் கிடையாது. இருபத்திரெண்டு வேகன், அத்தனையும் கல்லு. ஒரே இழுப்புல மேல ஏத்திடுவாரு. உன் ரயில்ல அவரு ஏறியிருந்தா இந்நேரம் உச்சில எறங்கி டீ குடிச்சிக்கிட்டிருப்பாரு.

– ஐயோ, அதேதான்மா என் தலைவலியும். அந்த லைன மூடி முப்பது வருஷமாச்சு. தண்டவாளத்தக்கூடப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாங்க பன்னெண்டு பேரு, ஆளுக்கு ஒரு மூலைல உக்காந்து, பழைய படம், பழைய மேப்பு எல்லாம் தேடி அத அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கட்டியிருக்கோம். பாலம் இருக்கு, சிக்னல் இருக்கு, பாசஞ்சர் வண்டியெல்லாம் டயத்துக்கு ஓடுது. கூட்ஸ் வண்டிங்கதான் என் பொறுப்பு. எல்லாம் சரியா வந்திடுச்சு, இந்த ஒண்ணு தவிர. கடைசி ஏத்தத்துல சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது.

– கல்லக் கொறச்சுடேன்.

– நீயும் அவங்க மாதிரியே சொல்ற. "ஏத்தத்தக் கொஞ்சம் தட்டிவிடு, யாருக்குத் தெரியப் போகுது"ங்கறாங்க. எனக்குத் தெரியுமே! அப்பா ஓட்டின வண்டிம்மா இது. அவரோட டைரிய வெச்சுத்தான் மணியெல்லாம் போட்டிருக்கேன்.

– அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதான? மொட்ட மாடிலதான இருக்காரு.

– கேட்டேன். "ஏறும், ஏறும்"னாரு. அடுத்த கேள்வி கேக்கறதுக்குள்ள தண்ணி டேங்க் கழுவப் போயிட்டாரு. இந்த மாசத்துல மூணாவது தடவ கழுவறாரு.

– எந்த ஏத்தம்டி அது?

– இதோ, மலையடிவாரத்துல சின்னதா ஒரு ஸ்டேஷன். ஒத்த ரூம், ரெண்டு தண்டவாளம், ஒரு வேப்ப மரம். இங்கேர்ந்துதான் ஏத்தம் ஆரம்பிக்குது. ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

– டைரில அந்த ஸ்டேஷனுக்கு என்ன எழுதியிருக்காரு?

– வரவு ரெண்டு பத்து, புறப்பாடு மூணு அஞ்சு. கல்லு ஏத்திக்கிட்டுப் போற அன்னிக்கெல்லாம் இதேதான். அம்பத்தஞ்சு நிமிஷம். காலி வண்டியோட திரும்பி வரும்போது நிக்கறதே இல்ல.

– அம்பத்தஞ்சு நிமிஷம். ம். எழுதி வேற வெச்சிருக்காரா மகராசன்.

– என்னம்மா?

– அங்க ஏன் அவ்வளவு நேரம் நின்னீங்கன்னு கல்யாணமான புதுசுல கேட்டேன். "கிராசிங்"னாரு. எதிர்ல ஒரு வண்டி வரும், அதுக்கு வழி விடணுமாம். நான் டிரைவர் பொண்ணு. எந்த வண்டி எங்க எப்ப வரும்னு எனக்கு மனப்பாடம். அந்த நேரத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா வராது.

– அப்போ?

– அப்போ என்ன அப்போ? அங்க அவருக்கு இன்னொரு வீடு இருந்திச்சு. போதுமா? அவரு வேல பாக்கற வரைக்கும் பசங்களுக்காகப் பல்லக் கடிச்சேன். அப்புறம் உன் படிப்பு, உன் கல்யாணம், அது முறிஞ்சு நீ திரும்பி வந்தது. இப்ப நீ உன் கால்ல நிக்கற. எனக்கு மிச்சம் இருக்கற நாலு நாளாவது நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.

– அம்மா! அப்பாவா? நம்ம அப்பாவா? பக்கத்து வீட்டு அக்கா வந்தாலே துண்டத் தேடற ஆளும்மா அவரு!

– எல்லாம் வெளி வேஷம்.

– ஒரு நிமிஷம் இரு. ஒரே ஒரு நிமிஷம். இந்த டைரில ஒரு இடம் எனக்குப் புரியவே இல்ல. கை தவறி எழுதிட்டாருன்னு விட்டுட்டேன். மேல இருக்கற ஸ்டேஷனுக்கு ரெண்டு வரவு போட்டிருக்காரு. ஒண்ணு ரெண்டு முப்பத்தி நாலு. இன்னொண்ணு மூணு இருபத்தி மூணு.

– அதனால என்ன?

– கீழேர்ந்து கிளம்பினதே மூணு அஞ்சுக்கு. ரெண்டு முப்பத்தி நாலுக்கு எப்படி மேல இருப்பாரு? கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரா?

– செய்வாரு. அவரு சாமர்த்தியம் உனக்குத் தெரியாது.

– சும்மா இரும்மா. ஒரு தடவ தப்பா எழுதலாம். இங்க பாரு, எல்லாப் பக்கத்துலயும் ரெண்டு வரவு. எல்லாத்துலயும் கல்லு வண்டி. கடவுளே. ரெண்டு தடவ போயிருக்காரும்மா. ரெண்டு தடவ!

– எங்க?

– மேல! இரு, ஓட்டியே பாத்துடறேன். வண்டி உள்ள வருது. மணி ரெண்டு பத்து. பதினோரு வேகன இங்கயே கழட்டி விடறேன். பிரேக்கக் கட்டியாச்சு. மீதி பதினொண்ண இழுத்துக்கிட்டுக் கிளம்பறேன், ரெண்டு பதினாறு. சக்கரம் வழுக்குது, வழுக்குது, பிடிச்சிடுச்சு! ஏறுதும்மா! பாரு, ஏறுது!

– கத்தாத. பாக்கறேன்.

– கொஞ்சம் வேகமா ஓட விடறேன். மேல வந்தாச்சு. மணி என்ன?

– ரெண்டு முப்பத்தி நாலுன்னு காட்டுது.

– டைரில இருக்கற அதே நேரம்! இந்தப் பதினொண்ண மேல விட்டுட்டு, எஞ்சின் மட்டும் தனியாக் கீழ எறங்கி வந்து மிச்சத்த எடுத்துக்கிட்டுப் போகணும். இப்ப கீழ ஸ்டேஷன்ல என்ன இருக்குன்னு காட்டறேன் பாரு.

– நிறுத்து.

– என்னம்மா?

– அத அப்படியே நிறுத்து. இத நான் பாத்திருக்கேன்.

– எத?

– இதே மாதிரி. வேப்ப மரத்தடில பதினோரு வேகன் அநாத மாதிரி நிக்குது. எஞ்சினக் காணோம். உன்ன இடுப்புல தூக்கிக்கிட்டு, காலைல பாசஞ்சர் பிடிச்சு, அவரக் கையும் களவுமாப் பிடிக்கணும்னே போய் எறங்கினேன். கடைசிப் பெட்டில கார்டு உக்காந்து காது கொடஞ்சுக்கிட்டிருந்தான். டிரைவர் எங்கன்னு கேட்டேன். பல்லக் காட்டினான். "மேல போயிருக்காரும்மா, வந்துடுவாரு"ன்னான். மேல பாத்தா, மரத்துக்கு நடுவுல ஒரு ஓட்டு வீடு. வாசல்ல கொடி கட்டி ஒரு நீலச் சட்ட காயுது.

– ரயில்வேல எல்லாருக்குமே நீலச் சட்டதானேம்மா!

– எனக்கு அப்ப அதெல்லாம் தோணுமா? கள்ள வீட்டுக்கு நடந்து போறவனக் கேள்விப்பட்டிருக்கேன், சைக்கிள்ல போறவனக் கேள்விப்பட்டிருக்கேன். எஞ்சினையே எடுத்துக்கிட்டுப் போறவன அன்னிக்குத்தான் பாத்தேன்னு நெனச்சு, நின்ன இடத்துல அழுதேன். அடுத்த பஸ் பிடிச்சு வந்துட்டேன். அன்னிலேர்ந்துதான் அவர்கிட்ட நேராப் பேசறத விட்டேன்.

– அம்மா, சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு. இதோ எஞ்சின் கீழ வந்தாச்சு. கோத்தாச்சு. பிரேக் சோதன முடிஞ்சுது. புறப்பாடு எப்போ? நீயே படி.

– மூணு அஞ்சு.

– நிமிஷம் பெசகல. கணக்குப் பண்ணிக்கோ. அந்த அம்பத்தஞ்சு நிமிஷத்துல ஒரு மடக்கு தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல அவருக்கு. வீடாம், வாசலாம்!

– என்ன சத்தம் இங்க? இது நம்ம பழைய எஞ்சின் ஊதற மாதிரி இல்ல இருக்கு?

– அப்பா! வாங்க. ஈரக் காலோட வராதீங்க, வழுக்கும். இங்க பாருங்க, வண்டி ஏறிடுச்சு.

– என்னது?

– வண்டி! மேல! ஏறிடுச்சுப்பா! ரெண்டாப் பிரிச்சு ஏத்திட்டேன்!

– ஓ. கண்டுபிடிச்சிட்டியா. சரி, டேங்க்ல இன்னும் கொஞ்சம் பாசி இருக்கு, நான் போயி...

– டேங்க் எங்கயும் ஓடிப் போகாது. உக்காருங்க. இவ்வளவு நாளா ஏன் அம்மாகிட்ட கிராசிங்னு பொய் சொன்னீங்க?

– பழைய கதையெல்லாம் எதுக்கு இப்ப?

– பெட்டி கட்டி வெச்சிருக்காங்கப்பா. நாலு மணிக்குக் கார் வருது. ஏன்னு இதுவரைக்கும் ஒரு வார்த்த கேட்டீங்களா நீங்க?

– கேக்கணுமா? அதான் தெரியுமே. அன்னிக்கு உங்கம்மா ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போனத கார்டு சொன்னான். "உன் சம்சாரம் குழந்தையோட வந்துச்சு, பாதி வண்டி நிக்கறதப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு"ன்னான். சரி, குட்டு வெளிப்பட்டுடுச்சு, இனிமே உங்கம்மா நம்மள மதிக்க மாட்டான்னு புரிஞ்சுபோச்சு. அதான் சங்கதி.

– என்ன குட்டு, என்ன மதிக்கறது? உங்கப்பா என்ன ஒளர்றாருன்னு கேளுடி.

– காதுல விழுந்துச்சும்மா. அப்பா, புரியற மாதிரி சொல்லுங்க.

– உங்க தாத்தா இருபத்திரெண்டையும் ஒரே இழுப்புல ஏத்தினவரு. எஞ்சின் ஷெட்டுல அப்படித்தான் பேச்சு. அவர் பொண்ணக் கட்டிக்கிட்டு, அவர் ஓட்டின அதே எஞ்சின்ல உக்காந்து, பதினொண்ணு பதினொண்ணாத் தவண முறைல ஏத்தினேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? கிராசிங்னு சொல்லிட்டேன். அப்புறம் அதுலேர்ந்து எறங்க முடியல. ஆம்பளைக்கு வீட்டுல ஒரு கௌரவம் வேண்டாமா?

– அந்தக் கௌரவத்தாலதான் முப்பத்தெட்டு வருஷமா, உங்களுக்கு மலைல ஒரு கள்ள வீடு இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க அம்மா.

– என்னது?

– கள்ள வீடு! உங்களுக்கு! இன்னொரு பொம்பள!

– எனக்கா? கல்லு இழுத்துட்டு வந்து படுத்தா முதுகு நிமிராது. இதுல இன்னொரு குடும்பமா? அவ பேசாம இருந்தது அதுக்கா? பாதி வண்டிக்காக இல்லையா?

– பாதி வண்டியா இருந்தா என்ன, கால் வண்டியா இருந்தா என்னன்னு சொல்லுடி உங்கப்பாகிட்ட! மல மேல ஒரு கல்லு விடாம கொண்டு போய்ச் சேத்தாருல்ல? அதுக்குப் போய் ஒருத்தி மூஞ்சியத் திருப்புவாளா? ஐயோ, எவ்வளவு வருஷம்டி! எவ்வளவு வருஷம்!

– அழாதம்மா. அப்பா, அந்தத் துண்டக் குடுங்க. ஈரமா இருந்தாப் பரவால்ல, குடுங்க.

– இருந்தாலும் அவங்கப்பா ஏத்தினாரே. அத மறுக்க முடியாதுல்ல.

– முடியாதுப்பா.

– என்னது?

– ஏத்தவே முடியாதுங்கறேன்! ஒரு மாசமா எல்லா விதத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன். தண்டவாளம் காஞ்சு கெடக்கட்டும், கொதிகலன்ல அழுத்தம் முழுசா இருக்கட்டும், பதினாலு வேகனுக்கு மேல அந்த எஞ்சின் நகராது. நீங்க இல்ல, எந்தக் கொம்பன் ஓட்டினாலும் நகராது.

– அப்போ உங்க தாத்தா?

– எனக்கென்ன தெரியும்? அதோ, கார்க்காரன் ஹாரன் அடிக்கறான். அம்மா, திருப்பி அனுப்பிடவா? அம்மா, உன்னத்தான், ஏன் பெட்டியத் தொறக்கற? தாத்தா போட்டோவ எதுக்கு இப்ப அப்படி மொறைக்கற?

– ஏங்க, இங்க பாருங்க. எங்கப்பாவும் எங்கம்மாகிட்ட கிராசிங்னுதாங்க சொல்லுவாரு.