பிழையில்லாத பத்திரிகை

உங்கள் மகள் புதிதாகக் காமிரா வாங்கியிருக்கிறாள், எந்தப் புகைப்படப் பத்திரிகை வாங்கிக் கொடுக்கலாம் என்று நேற்று தேநீர் குடிக்கும்போது கேட்டீர்கள். உடனே, அதெல்லாம் அப்புறம், வந்த வேலையைப் பார்ப்போம் என்று தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினீர்கள். எனக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் வசதி. நீங்கள் எழுதச் சொன்னதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். அட்டையில் எல்லாப் பத்திரிகையும் அழகிதான்: ஒரு ஏரி, கொஞ்சம் பனி, ஒரு படகு. உள்ளே புரட்டுங்கள். ஒரு காமிராவுக்கு முழுப்பக்க விளம்பரமும், அடுத்த பக்கத்திலேயே அதே காமிராவைப் பற்றிக் கட்டுரையும் வந்தால், அந்தக் கட்டுரையில் குறை என்று ஒரு வார்த்தை இருக்காது. படங்களுக்குக் கீழே எப்படி எடுத்தது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். "மயக்கும் மாலை" என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். அது அலமாரித் தட்டில் விரிக்கத்தான் ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அதில் சொல்லியிருப்பதை அச்சடிக்கும் முன் யாராவது செய்துபார்த்தார்களா என்பது. இத்தனை சொட்டு, இத்தனை நிமிடம் என்று எழுதுவதற்கு ஒரு நாற்காலி போதும். செய்துபார்ப்பதற்கு ஆள் வேண்டும். எங்கள் பத்திரிகையில் அப்படி ஓர் ஆள் இருந்தார். அதனால்தான் அதைப் பரிந்துரைக்கிறேன்.

நான் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் நுட்பப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே என் பெயர் வரும். நாற்பத்தாறு, நாற்பத்தேழாம் பக்கங்கள் இருட்டறைப் பக்கங்கள். பிலிம் சுருளில் எடுத்து, வீட்டிலேயே ரசாயனத்தில் கழுவிப் படமாக்குகிற பழைய பித்து இன்னும் சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்காக மாதம் ஒரு முறை எழுதுவேன். என் பக்கத்தில் பிழை இருக்காது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான் என்று பக்க வடிவமைப்பாளர் கேலி செய்வாள். அவளைப் பற்றிப் பின்னால் வரும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓர் அஞ்சலட்டை வந்தது. "பக்கம் 46. நான்கு நிமிடம் என்று உள்ளது. நான்கு நிமிடத்தில் படம் கரியாகிறது. இரண்டரை நிமிடம் சரி." கீழே வட்டத்துக்குள் 1 என்று எண். அடுத்த மாதம் 2 வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தோம். வைத்தவன் நான். யானைக்கும் அடி சறுக்கும், அதற்காக யானையின் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வருவார்களா? அவர் வந்தார். நாற்பத்தொன்று வரை எண்ணினார். ஒவ்வொன்றையும் நான் சோதித்தேன். ஒன்றில்கூட அவர் சொன்னது தவறில்லை. அது எனக்கு மிகவும் வலித்தது.

பிறகு ஆசிரியரே, அச்சுக்குப் போகும் முன் என் பக்கத்தின் சரிபார்ப்புத் தாளை அவருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். வியாழன் தாள் போகும். சனிக்கிழமை காலை அவர் செய்துபார்ப்பார். திங்கள் குறிப்பு வரும். இரண்டு முறை அவர் வீட்டுக்கே போயிருக்கிறேன். குளியலறைதான் இருட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, கதவடியில் பழைய துணி செருகி, சிவப்பு விளக்கு போட்டுக்கொள்வார். கை ஈரமாக இருக்கும் என்பதால் அவர் மனைவி கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தாளை விளக்கருகே பிடித்து, வரி வரியாகப் படிப்பார். அந்த அம்மா படிக்கப் படிக்க அவர் செய்வார். கூட்டமாட்டார், குறைக்கமாட்டார்.

"தாவாம படி," என்றார் அவர்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து படிச்சுக் காட்டறேன், ஒரு வரி தாவியிருக்கேனா? நீங்கதான் காது கேக்காத மாதிரி இருப்பீங்க," என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இவருக்குக் கண்ணாடிக் கடை, எனக்குக் கண்ணாடி இல்லாமலே கண்ணு. பொருத்தம் பாத்தீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் நல்லவர்கள். அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னார்: "சார், எனக்குத் தெரிஞ்சதை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாங்கிப் படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டு, தாள்ல இருக்கறதை மட்டும் செய்யணும். அப்பதான் தப்பு தெரியும்." அது சரியான முறை. உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த மாசத்திலேருந்து இருட்டறைப் பக்கத்தை நம்ம அஞ்சலட்டைக்காரரே எழுதட்டும். நீங்க வாசகர் போட்டியைப் பாத்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கும்போதுதான் அப்படிச் சொல்வார்கள். வாசகர் போட்டி என்றால் மாதம் இருநூறு பூனைகளும் இருநூறு சூரிய அஸ்தமனமும். மூன்றாம் பக்கத்தில் என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர் வரும் என்றும் சொன்னார். நான் சரி சார் என்றேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் எழுத வேண்டிய கடைசிப் பக்கம் ஒன்று பாக்கி இருந்தது. படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் முறை. இரண்டு திரவங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் படத்தை முக்கும் தட்டை மூன்று முறை நீரில் அலச வேண்டும், ஜன்னலையும் திறந்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை கலந்து ஒரு வாயு வரும். அடைத்த அறையில் அதைச் சுவாசிக்கக் கூடாது. என் பக்கத்தில் இதற்கென இரண்டு வரிகள் இருந்தன.

வியாழன் மதியம் வடிவமைப்பாளர் சாப்பிடப் போயிருந்தாள். நான் அவள் கணினியில் உட்கார்ந்து அந்த இரண்டு வரிகளையும் எடுத்தேன். எடுத்ததும் பக்கத்தின் அடியில் வெள்ளை விழுந்தது. அது கண்ணில் படும் என்பதால் மேலே இருந்த படத்தை ஒரு விரல் அளவு பெரிதாக்கினேன். பார்க்கவும் நன்றாகவே இருந்தது. ஒரு தாள் மட்டும் அச்செடுத்து, "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டேன். கடைக்கு வந்த இதழில் அந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். ஒரு வாசகருக்கும் ஆபத்து வரவில்லை. அதில் நான் கவனமாக இருந்தேன்.

நான் அவரைக் கொல்ல நினைத்ததாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். அது அத்தனை பொருத்தமான சொல் அல்ல. அது ஒரு தேர்வு. நாற்பத்தொரு பிழைகளைக் கண்டுபிடித்தவர் நாற்பத்திரண்டாவதையும் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்க விரும்பினேன். கண்டுபிடித்தால் அந்தப் பக்கம் அவருக்கே உரியது, நானே மனதார விட்டுக்கொடுத்திருப்பேன். வெள்ளிக்கிழமை முழுவதும் தொலைபேசி என் மேசைமேல்தான் இருந்தது. அவர் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்திருக்கிறார்கள். அவர் தட்டின் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார். அந்த அம்மா கதவடியில் செருகிய துணியைப் பாதி இழுத்திருந்தார். அதனால் பிழைத்தார். நுரையீரலில் பாதி வேலை செய்யாது என்று மருத்துவர் சொன்னார்.

உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

அலுவலகத்தின் சார்பில் அன்று மாலை நான்தான் போனேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவி வாங்கி, மருத்துவமனைக்குத் துணிமணி எடுத்துத் தருகிறேன் என்று உள்ளே போய், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த சரியான தாளை அதே இடத்தில் வைத்தேன். முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒன்றுபோல இருந்தது. தண்ணீர் பட்ட கறை மட்டும் இல்லை. குழாயைத் திறந்து இரண்டு சொட்டு தெளித்தேன். இரண்டு புடவையும் ஒரு சால்வையும் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த அந்த அம்மா தாளைப் படித்திருக்கிறார். என்னை வரச்சொன்னார். முக்காலி கூடத்துக்கு வந்திருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"தம்பி, இங்க இருக்கே. மூணு தடவை அலசணும்னு இருக்கே. ஜன்னலைத் திறன்னு இருக்கே. நான் இதைப் படிக்கலையே. எப்படித் தாவினேன்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சிவப்பு வெளிச்சம்மா. வயசாயிட்டா கண்ணு அப்படித்தான். நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றேன்.

அவர் அழுதார். அழக்கூட அவருக்கு மூச்சுப் போதவில்லை. அன்று நான் வெகுநேரம் உடனிருந்தேன். ஆறுதலாகப் பேசினேன். ஆறுதல் சொல்ல அவருக்கு வேறு யாரும் இல்லை.

ஆசிரியர் மனம் உடைந்துபோனார். பக்கங்கள் என்னிடமே இருந்தன. மூன்றாம் பக்கத்தில் பெயரும் இருந்தது. எட்டு மாதம் அப்படிப் போனது. பிறகு அந்த அம்மாவிடமிருந்து வாசகர் கடிதம் ஒன்று வந்தது. வாசகர் கடிதங்களையும் நான்தான் சரிபார்ப்பேன். "என் கணவருக்கு நான் படித்துக் காட்டுவேன். இரண்டு வரியை விட்டுவிட்டேன். அதனால் அவர் போய்விட்டார். தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. வீட்டில் செய்துபார்க்கிறவர்கள் கண் நன்றாகத் தெரிகிறவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். என்னைப் போல இன்னொருத்தி செய்யக் கூடாது." அதில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

அதைப் பக்கத்தில் வைத்தபோது வடிவமைப்பாளர் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். எந்த இரண்டு வரி என்று பார்ப்பதற்காகப் பழைய பக்கத்தைத் தேடியிருக்கிறாள். அவள் கணினி ஒவ்வொரு மாற்றத்தையும் தனியே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. ஒரே பக்கம் இரண்டு விதமாக வந்திருக்கிறது. ஒன்றில் படம் ஒரு விரல் அளவு பெரிது. வரிகள் இல்லாததை அவள் முதலில் கவனிக்கவில்லையாம். 'என் படத்தை எவன் தொட்டான்' என்றுதான் பார்த்திருக்கிறாள். நல்ல வடிவமைப்பாளர். நேரே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். ஓர் இடத்தில் பிழை இருக்கிறது. அடித்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் இங்கே திருத்தம் தருகிறேன். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறேன். கூப்பிட்டார். மதியம் மூன்று மணி இருக்கும்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ரெண்டாவது திரவத்துக்குப் போறதுக்கு முன்னாடி தட்டை அலச வேண்டாமா? தாள்ல இல்லையே," என்றார்.

அவர் என் பேச்சை நம்பிக் காத்திருந்தார்.

"தாள்ல இருக்கறதை மட்டும் செய்யணும்னு நீங்கதானே சொல்வீங்க? இது நான் எழுதற கடைசிப் பக்கம். நல்லாப் பாத்துட்டேன்," என்றேன்.

"மன்னிச்சுக்குங்க சார். உங்க மேல சந்தேகப்பட்டுக் கேக்கலை," என்றார்.

எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். யோசித்துச் செய்யுங்கள். அவரிடம் அந்தத் தாள் தவறு என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? இன்னமும் ஒவ்வொரு மாதமும் எங்கள் பத்திரிகையை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறார். கணவர் போய்விட்டார், மூச்சிலும் பாதி போய்விட்டது. நம்பிப் படிக்க ஒரு பத்திரிகையாவது அவருக்கு மிஞ்சட்டும்.